ஆயிரமாவது நாள் கேக்

அந்தக் கப்பலில் ஏறியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு பலகை. வரவேற்புக் கூடத்தின் நடுவில், ஆள் உயரத்துக்கு, பித்தளைச் சட்டம் போட்டு நிற்கும். ‘கோதுமை விபத்து இல்லாத நாட்கள்’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே எண். வேன்காரம்மா ஏறிய அன்று அது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கைக் காட்டியது. பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வயிறு பட்ட பாடு அப்படி.

வேன்காரம்மா என்றால் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறாள். தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி, இருபத்திரண்டு பிள்ளைகளை இறக்குவாள். தலையை எண்ணாமல் வண்டியை எடுத்ததே கிடையாது. சீருடையையோ பையையோ பார்த்து எண்ணுகிற ஆள் இல்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் எண்ணுவாள்.

அவளுக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற சத்து துளி உள்ளே போனாலும் குடலின் உட்சுவர் புண்ணாகிவிடும். மூன்று வருஷத்துக்கு முன் என்ன காரணம் என்றே தெரியாமல் இளைத்து இளைத்து முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்து, பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா காப்பாத்த முடியும்னு நான் சொல்ல மாட்டேன்” என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ரொட்டி, பிஸ்கட், கேக் இருக்கும் பக்கம்கூட அவள் தலைவைத்துப் படுப்பதில்லை.

கூட வந்தவள் நாத்தனார். அழகு நிலையம் வைத்திருக்கிறாள். தலைச்சாயக் கம்பெனிக்காரன் நடத்திய குலுக்கலில் அவளுக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. ஒன்பது நாள் கடல், நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அண்ணனுக்குக் குளியலறை ஈரமாக இருந்தாலே பயம். அதனால் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணி மேல் அவளுக்குப் பாசம் கொள்ளை கொள்ளையாக உண்டு. அண்ணியின் வயிற்றின் மேல் மட்டும் நம்பிக்கை கிடையாது.

“உலகத்துல இல்லாத வயிறு உங்களுது. ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்? எல்லாம் மனசுதான் அண்ணி” என்று மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறாள்.

பலகைக்குப் பக்கத்திலேயே தலைமை உணவுக் காப்பு அதிகாரி நின்றிருந்தார். வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப் பட்டி, கையில் தையல் மிஷின் தலை மாதிரி ஒரு கருவி. வேன்காரம்மா தன் நோயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நோயைப் பத்தி எங்களுக்குச் சொல்ல வேண்டாம் மேடம். அதுல தலையிட்டா பொறுப்பு வந்துடும். இந்தக் கப்பல்ல உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே ஆனாலும், ஆனதா இருக்காது.”

“என்னங்க?”

“அவ்வளவு பலமான ஏற்பாடுன்னு சொல்றேன்.”

கருவி ‘டக்’ என்றது. அவள் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டை ஏறிக்கொண்டது.

“இதை நாங்க போடுவோம், நாங்கதான் வெட்டுவோம். பட்டை இருக்கிற வரைக்கும் நீங்க எங்க பாதுகாப்புல இருக்கீங்க. மத்ததை மறந்துட்டுக் கடலைப் பாருங்க” என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடி போட்டு அடைத்து, சிவப்புப் பட்டைக்காரர்களுக்கென்று ஒரு மேசை. வேன்காரம்மா உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினாள். அவளோடு சேர்த்துப் பதினொன்று. அவர்கள் உட்கார்ந்ததும் ஒருவர் மணி அடித்தார். பெரிய கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறுநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “கோதுமை ஆகாதவர்கள் பதினோரு பேர் பத்திரமாக அமர்ந்துவிட்டார்கள்” என்று ஒலிபெருக்கி சொன்னது. கை தட்டினார்கள். நாத்தனார் அங்கிருந்து எழுந்து நின்று தட்டினாள்.

பிறகு ஊர்வலம் வந்தது. முன்னால் ஒருவர் வெல்வெட் மெத்தையில் சிவப்புக் கைப்பிடி போட்ட கரண்டியை ஏந்திவந்தார். பின்னால் மூடி போட்ட தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு கையெழுத்து. சமைத்தவர், சமைத்ததைப் பார்த்தவர், பார்த்தவரைப் பார்த்தவர், கடைசியில் சாப்பிடப் போகிறவர். கையெழுத்தெல்லாம் முடிந்து மூடியைத் திறக்கும்போது சோறு கல்லாகியிருந்தது. அதிகாரி கரண்டியை உயர்த்திக் காட்டினார்.

“உங்க சாப்பாட்டுக்குன்னே ஒதுக்கின கரண்டி. வேற எதுவும் இதைத் தொட்டதில்ல.”

“அப்ப எங்க சோத்தை இதாலதான் கிளறினாங்களா?” என்று வேன்காரம்மா கேட்டாள்.

அதிகாரிக்கு அதிர்ச்சியாகிவிட்டது. “இதையா? இதைப் பானைக்குள்ள விட்டா அழுக்காயிடாதா மேடம்? கிளறதுக்கு மத்த கரண்டி இருக்கு.”

கரண்டி மெத்தையோடு திரும்பிப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டது.

வேன்காரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி பூக்கடைக்காரி. வாயைத் திறந்தால் சிரிப்பு. கைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றின இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களை எடுத்தாள்.

“வீட்டு ஸ்பூன் இல்லாம நான் வெளியில வாயே திறக்கறதில்லக்கா. ஒண்ணை நீங்க வெச்சுக்குங்க. இறங்கும்போது கொடுத்தாப் போதும்.”

“மறக்காம கொடுத்துடறேன்” என்றாள் வேன்காரம்மா.

அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஓடு உடையாத அவித்த முட்டை, தோல் உரிக்காத வாழைப்பழம், இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. பரிமாறுகிறவர் நல்ல மனுஷன், குறிப்பறிந்து கூடுதலாக இரண்டு முட்டை கொண்டுவந்து வைப்பார். முட்டைக்கும் நான்கு கையெழுத்துதான்.

மறுநாள் மதியம் சூப் வந்தது. வெள்ளையாக, கெட்டியாக, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் இருந்தது.

“இதுல மைதா கரைச்சிருக்கா?” என்று வேன்காரம்மா கேட்டாள்.

பரிமாறுகிறவர் அதிகாரியை அழைத்தார். அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார்.

“கேள்வியை எழுதிக் கொடுங்க மேடம். சமையலறைக்குப் போய், பதில் நாளைக்கு மதியம் வந்துடும்.”

“அதுவரைக்கும் சூப்?”

“சூடு ஆறதுக்குள்ள குடிச்சுடுங்க.”

வேன்காரம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பூக்கடைக்காரி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சிரித்துக்கொண்டே தன் ஸ்பூனைத் துடைத்துச் சூப்பில் விட்டாள். “விடுங்கக்கா. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு நாளா ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருக்கே. இவ்வளவு பெரிய பலகை பொய் சொல்லுமா?”

மறுநாள் பதில் நிஜமாகவே வந்தது. ‘ஆம், மைதா’ என்று எழுதி, மூன்று முத்திரை குத்தியிருந்தது. “ஒரே நாள்ல பதில்! வேற எந்தக் கப்பல்ல கிடைக்கும்?” என்று அதிகாரி பெருமைப்பட்டுக்கொண்டார். அதற்குள் பூக்கடைக்காரியின் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மேசையில் பத்து நாற்காலிதான் இருந்தது, இடைவெளி தெரியாமல் நகர்த்திப் போட்டிருந்தார்கள்.

“எங்க அந்தப் பூக்கடைம்மா?” என்றாள் வேன்காரம்மா.

“அவங்களுக்குக் கடல் மயக்கம் மேடம்.”

வேன்காரம்மா ஜன்னலைப் பார்த்தாள். கடல் இஸ்திரி போட்ட துணியாகக் கிடந்தது. டம்ளரில் இருந்த தண்ணீர்கூட அசையவில்லை.

“கடல் ஆடவே இல்லையே?”

“கடல் ஆடணும்னு கட்டாயம் இல்ல. மயக்கம் அவங்களோடது. வாந்தி வந்தா கடல் மயக்கம், வயித்து வலி வந்தா கடல் மயக்கம். நீலப் பட்டை போட்டாச்சு. வகை மாறிட்டாங்க. இனிமே அவங்க உங்க மேசையில வர மாட்டாங்க.”

“நல்லாயிட்டா?”

அதிகாரி அந்தக் கேள்விக்குப் படிவம் தேடினார். கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் நாற்காலி ஏழாகிவிட்டது. ஒருவருக்கு வறுத்த உருளைக்கிழங்கு, இன்னொருவருக்கு மீன் குழம்பு, மூன்றாமவருக்கு என்ன என்றே தெரியவில்லை. மணி வழக்கம்போல அடித்தது. “கோதுமை ஆகாதவர்கள் ஏழு பேர் பத்திரமாக அமர்ந்துவிட்டார்கள்” என்று ஒலிபெருக்கி சொன்னது. அறுநூறு பேரும் கை தட்டினார்கள். ஏன் ஏழு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் அதிகாரி அவள் அறைக் கதவைத் தட்டினார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

“நாளைக்குப் பலகை ஆயிரத்தைத் தொடுது மேடம். கேப்டனே வர்றார். ஏழடுக்குக் கேக். சிவப்புப் பட்டைக்காரங்கள்ல ஒருத்தர் முதல் துண்டைச் சாப்பிட்டாத்தான் ஆயிரம்னு எண்ணை மாத்துவோம். உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம். இத்தனை நாள்ல நீங்க எட்டுக் கேள்வி கேட்டிருக்கீங்க. இவ்வளவு அக்கறையுள்ள பயணியை நாங்க பாத்ததில்ல.”

“கேக்கு எதுல செய்றது?”

“கேக் எதுல செய்வாங்க? மைதாவுலதான்.”

வேன்காரம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை. “ஐயா, எனக்கு மைதா ஆகாது. அதுக்குத்தான் ஆயிரம் நாள் விழாவே எடுக்கறீங்க.”

“நீங்க குழப்பிக்கறீங்க. உணவுன்னா எங்க துறை. கேக் விழாத் துறை. அது சாப்பாட்டுல வராது, அலங்காரத்துல வருது. அலங்காரத்தைச் சாப்பிட்டு ஆயிரம் நாள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதா பதிவு இல்ல.”

“நான் மாட்டேன்னா?”

அதிகாரி முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். “விழாவுல சிவப்புப் பட்டைக்காரர் சாப்பிட மறுத்தா அது விபத்து. பலகை சுழியத்துக்குப் போயிடும். ஆயிரத்துக்காக லீவு வாக்குக் கொடுத்திருக்கோம், முந்நூறு ஊழியருங்க காத்திருக்காங்க. அவங்ககிட்ட உங்க பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.”

சாயங்காலம் பரிமாறுகிறவர் முட்டையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். “என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டாளாம்மா. போன்லதான் பாத்தேன். ஆயிரம் ஆனா எனக்கு ஒரு மாசம் லீவு.” வேன்காரம்மா முட்டையின் ஓட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாத்தனார் அப்போது தலைவலி மாத்திரை வாங்கக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தாள். அறைக்குத் திரும்பி வரும்போது முகம் வெளுத்துப்போயிருந்தது. வந்தவள் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“என்னடி?”

“கீழ ஒரு நடைவழி இருக்கு அண்ணி. கதவு கதவா நீலப் பட்டைக்காரங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை மணி அடிச்சு மருந்து தர்றாங்க. என்ன மருந்து தெரியுமா? கடல் மயக்கத்துக்கு வறண்ட பிஸ்கட். வாந்தி எடுத்தா இன்னும் ரெண்டு. வேணாம்னு அழறாங்க. கப்பல் டாக்டர் பொறுமையா வாய்ல வைக்கிறார்.” அவள் குரல் உடைந்தது. “அந்தப் பூக்கடைம்மா என் கையைப் பிடிச்சாங்க. கையில எலும்புதான் இருக்கு. ‘என் ஸ்பூன் அந்தக்காகிட்ட பத்திரமா இருக்கா’ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க அண்ணி.”

வேன்காரம்மா அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

“மூணு வருஷமா உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கேன். இந்த நாக்கை இழுத்து வெச்சு அறுக்கணும்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “கையை நீட்டுங்க. நான் சாப்பிடறேன் அந்தக் கேக்கை. எனக்குக் கல்லும் செரிக்கும்.”

“பட்டை கழலாதுடி. அவங்கதான் வெட்டணும்.”

“இருபது வருஷமா எத்தனை பேருக்கு இறுகின வளையலைக் கழட்டியிருப்பேன்! பேசாம இருங்க.” தலைமுடிக்குப் போடுகிற கண்டிஷனரைக் கை நிறையப் பிழிந்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, மணிக்கட்டை வழவழவென்று தேய்த்து, ஒரு திருகு. பட்டை வந்துவிட்டது. அடுத்த திருகில் அது நாத்தனார் கையில் இருந்தது.

“கண்டுபிடிச்சுடுவாங்க. ஆறு நாளா என் மூஞ்சியைப் பாத்துப் பேசியிருக்கார் அந்த மனுஷன்.”

“பாப்போம்” என்றாள் நாத்தனார்.

ஏழாம் நாள் மாலை. வரவேற்புக் கூடம் நிரம்பி வழிந்தது. கேப்டன் பெரிய கத்தியோடு நின்றார். அதிகாரி சிவப்புப் பட்டையைத் தேடி வந்து, நாத்தனாரின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போனார். வேன்காரம்மாவைவிட அவள் ஒரு சாண் உயரம், தலைமுடி செம்பட்டை. அதிகாரியின் கண் பட்டையை விட்டு நகரவில்லை.

“எட்டுக் கேள்வி கேட்ட மேடம் இவங்கதான்!” என்று கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார்.

நாத்தனார் கேக்கைத் தின்றாள். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். இடையில் நாத்தனார் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. பலகையில் ஆயிரம் ஏறியது. ஊழியர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பரிமாறுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேன்காரம்மா மூச்சு விட்டாள். இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அதிகாரி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“அன்பான பயணிகளே! கோதுமையே ஆகாத ஒரு பெண்மணி, ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டுத் தெம்பா நிக்கறாங்க. இதுக்கு என்ன அர்த்தம்? ஏழு நாள் கவனிப்புல நோய் குணமாயிடுச்சு! இத்தனை வருஷமா விபத்தைத் தடுக்கிறோம்னு நெனச்சோம். உண்மையில நாம வைத்தியம் பண்ணிக்கிட்டிருந்திருக்கோம், நமக்கே தெரியாம. இந்தக் கப்பல்ல எதையும் தெரிஞ்சு செஞ்சதில்ல, அதுதான் நம்ம சிறப்பு. இந்த நிமிஷத்துலேருந்து சிவப்பு மேசை மூடப்படுது. மிச்சமிருக்கிற சிவப்புப் பட்டைக்காரங்க எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கணும்!”

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். பதினான்கு வருஷமாகக் கேக்கை வாயில் வைக்காதவர். சொந்த மகள் கல்யாணத்தில்கூடத் தள்ளி நின்று பார்த்தவர். அவர் கண் நிறைந்துவிட்டது. தட்டை நீட்டினார்.

“ஐயா, வேணாம்!” வேன்காரம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். “சாப்பிடாதீங்க! அவ என் நாத்தனார். அவளுக்கு எந்த நோயும் இல்ல. நாந்தான் நோயாளி!”

“ஆமா, நான் நாத்தனார்தான்! பட்டையைக் கழட்டிப் போட்டுக்கிட்டேன்!” என்று மேடையில் இருந்து நாத்தனாரும் கத்தினாள்.

அதிகாரி வேன்காரம்மாவின் கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். வெறும் மணிக்கட்டு.

“பட்டை இல்லாதவங்க இந்த விஷயத்துல கருத்துச் சொல்ல முடியாது மேடம். அவங்களுக்குக் குணமான சந்தோஷத்துல பேச்சு தடுமாறுது.”

“என் மூஞ்சியைப் பாருங்க. தினம் என்கிட்டதானே பேசினீங்க?”

“நான் யார் மூஞ்சியையும் பாக்கறதில்ல. பாத்தா பாரபட்சம் வந்துடும்” என்றார் அவர். இருபத்தாறு வருஷ சர்வீஸாம்.

லிஃப்ட் மெக்கானிக் அதற்குள் முதல் வாயை விழுங்கியிருந்தார். கண்ணை மூடி, மெல்ல, குழந்தை மாதிரி மென்றார். “அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா” என்று வேன்காரம்மாவிடம் சொன்னார். மற்ற ஐந்து பேரும் தட்டை நீட்டினார்கள். ஒரு ஓரத்தில் டாக்டர் ஆறு நீலப் பட்டைகளை மேசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடல் அசையவில்லை.

எட்டாம் நாள் காலையில் இரண்டு பெண்களும் கண்டிஷனர் புட்டியோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். இது நம்மால் வந்த வினை, நாம்தான் சரிசெய்ய வேண்டும் என்று வேன்காரம்மா சொல்லியிருந்தாள். அவளுக்கு ஒன்று புரிந்துபோயிருந்தது. பட்டை இல்லாத அவளை அன்று யாரும் மணி அடித்து உட்கார வைக்கவில்லை. பெரிய கூடத்தில் தானே போய் முட்டையும் பழமும் எடுத்துத் தின்றாள். ஏறினதிலிருந்து வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான்.

காலை மருந்து முடிந்து டாக்டர் மேலே போயிருந்தார். கதவு கதவாக நுழைந்தார்கள். நாத்தனார் நீலப் பட்டைகளைத் திருகிக் கழற்றினாள். வேன்காரம்மா பிஸ்கட் தட்டுகளை எடுத்து வெளியே வைத்து, முகத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணினாள். லிஃப்ட் மெக்கானிக் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “கேக் நல்லாத்தான் இருந்தது” என்று முனகினார். ஏழு, எட்டு, ஒன்பது. கடைசி அறையில் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தலையணை மேல் ஒரு கைக்குட்டை, அதற்குள் எவர்சில்வர் ஸ்பூன்.

நடையில் பரிமாறுகிறவர் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தார். வேன்காரம்மா வழியை மறித்தாள்.

“பூக்கடைம்மா எங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “அவங்களுக்கு வெள்ளைப் பட்டை போட்டாங்கம்மா.”

“வெள்ளைன்னா?”

“இறங்கிட்டவங்க.”

“எங்க இறங்கினாங்க? கிளம்பினதிலேருந்து கப்பல் எங்கயும் நிக்கலையே!”

“எனக்கு நாளைக்கு லீவும்மா” என்றார் அவர். “தயவுசெஞ்சு என்னைக் கேக்காதீங்க.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஏறக்குறைய ஓடினார்.

அதிகாரியிடம் போனாள். அவர் ஏகக் குஷியில் இருந்தார். ஒரே காலையில் ஒன்பது பேர் கடல் மயக்கத்திலிருந்து விடுபட்டதற்காக இன்னொரு பலகைக்குச் சொல்லிவிட்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். “இதோ. ‘இறங்கினார்’.”

“எங்கன்னு கேக்கறேன்.”

“எங்கேங்கிறதுக்கு இதுல கட்டம் இல்ல மேடம்.”

ஒன்பதாம் நாள் கப்பல் துறைமுகத்தில் நின்றது. பலகையில் ஆயிரத்து இரண்டு. இறங்குகிற வழியின் மேல்முனையில் ஒருவர் திருப்திப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். மூன்று வேளை முட்டையிலும் பழத்திலும் ஓரளவு நிற்கிற தெம்பு வந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் அறுநூறு பேர் பெட்டிகளோடு. கீழே, அடுத்த பயணத்துக்கு ஏற வந்தவர்களின் வரிசை.

வேன்காரம்மா வழியின் குறுக்கே நின்று, வேன் கதவை மறிப்பதுபோல ஒரு கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் இரண்டு ஸ்பூன்கள்.

“என்ன மேடம் இது, நகருங்க” என்றார் அதிகாரி. “எங்க கணக்கெல்லாம் சரியா இருக்கு.”

“உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும். என் கணக்குல ஒரு தலை குறையுது. பதினோரு பேரா ஏறினோம். பதினோரு பேராத்தான் இறங்குவோம்.”

பின்னால் யாரோ கத்தினார்கள். டாக்ஸி காத்திருக்கிறதாம். நாத்தனார் தன் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “நாங்க நகர மாட்டோம், டாக்ஸியை அனுப்பிடுங்க” என்றாள். லிஃப்ட் மெக்கானிக் தள்ளாடி வந்து கம்பியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

கீழ் வரிசையின் முன்னால் ஒரு பெண் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டிப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், எனக்குக் கோதுமை ஆகாது. இங்க சாப்பாடு பயமில்லாம சாப்பிடலாமா?”

அதிகாரி புன்னகையோடு, திறந்த கதவு வழியாக உள்ளே தெரிந்த பலகையைக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி பரவியது.

“ஏறாதம்மா!” என்று வேன்காரம்மா அலறினாள்.

அதிகாரி டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். “மேடத்துக்குக் கடல் மயக்கம்” என்றார். கப்பல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. டாக்டர் பையைத் திறந்து கருவியை எடுத்தார், அதில் பட்டையைக் கோத்தார். என்ன நிறம் என்று வேன்காரம்மா பார்க்கவில்லை. அவள் பின்னால் திரும்பி, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், ஒவ்வொரு முகமாகப் பார்த்து முதலிலிருந்து சத்தமாக எண்ணினாள். தன்னைச் சேர்த்துக்கொண்டாள்.

“பத்து” என்றாள். “இன்னும் ஒருத்தர் வரணும்.”